அடங்காத மண்

1996 ஆவணியில் கல்யாணம் முடிந்து கூடலூர்ப் பக்கம் வந்த முதல் வாரத்திலேயே முனீஸ்வரி ஒன்றைக் கவனித்தாள். சாலையில் பாரம் ஏற்றிய லாரி போனால், புகுந்த வீட்டு அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன. சாலை ஒன்றும் வாசலில் இல்லை. நடுவில் இரண்டு வயல் கிடந்தது. லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் அடங்கும். ஆண்டிபட்டியில் அவள் பிறந்த வீடு பஸ் போகிற ரோட்டை ஒட்டியே இருந்தது. அங்கே ஒரு டம்ளர்கூட அசைந்ததில்லை.

“என்ன அத்த இது, ஆளில்லாமலே யாரோ பாத்திரத்தத் தொடுற மாதிரி?” என்று மாமியார் ராமுத்தாயிடம் கேட்டாள்.

ராமுத்தாய் சிரித்தாள். “வண்டல் மண்ணுத்தா. கெணறு வெட்டையில எம்புட்டுத் தோண்டியும் பாறையே தட்டல. ஒங்க ஊரு மாதிரி கல்லுங்கரடுமா கெடக்கு இங்கன?”

அது நல்ல மண். முல்லையாற்றுத் தண்ணீர் பாய்ந்து இரண்டு போகம் விளைந்தது. வீட்டின் முன்பகுதி செங்கல், மேலே நாட்டு ஓடு. பின்னால் ஒரு பழைய அறை, மண்சுவர். முனீஸ்வரியின் கணவன் ஈஸ்வரபாண்டி ஜீப் ஓட்டினான். விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிவிடுவான். வீட்டில் பெண்கள் இரண்டு பேர்தான். சண்டை வராமல் இல்லை. ஆனால் சாயங்காலம் இருவரும் ஒரே முறத்தில் அரிசி புடைக்கிற அளவுக்குத்தான் எந்தச் சண்டையும் இருந்தது. 1998-ல் பெண் பிறந்தாள். ராமுத்தாய்தான் முத்துப்பேச்சி என்று பெயர் வைத்தாள்.

2000-ஆம் வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்து ராமுத்தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. பின்னறையில் கட்டில் போட்டார்கள். தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் முனீஸ்வரி அவளைத் தூக்கி வந்து வாசல் வெயிலில் உட்கார வைப்பாள். அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. பின்சுவர் அடியிலிருந்து பாதிவரை ஊறிக் கறுத்துக் கிடந்தது. மழை நின்றதும் பூசலாம் என்று ஈஸ்வரபாண்டி சொல்லியிருந்தான்.

டிசம்பரில் ஒரு நாள் காலை. அப்போதுதான் நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. முனீஸ்வரி தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். பேச்சி பக்கத்தில் குத்தவைத்து மண்ணில் குச்சியால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மாடு சட்டென்று கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. லாரி வருகிற சத்தம் போலக் கேட்டது. லாரிதான் என்று முனீஸ்வரி நினைத்தாள். ஆனால் அது சாலைப் பக்கமிருந்து வரவில்லை. காலுக்கு அடியிலிருந்து வந்தது.

தண்ணீர் கட்டி உழுத வயலில் நடப்பதுபோல் தரை வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளையை வாரி எடுத்தாள். வைக்கோல் படப்பைத் தாண்டி ஓடினாள். பாதி ஓடியவள் மாமியாரை நினைத்துத் திரும்பினாள். ஓடுகள் சரசரவென்று சரிந்து முன்னால் விழுந்தன. மறுபடி ஓடிக் கிணற்றடி மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரும் கைக்குள் ஆடியது. பின்னறைச் சுவர் விழுந்ததை அவள் பார்த்தாள். பெரிய சத்தம்கூட இல்லை. களைத்துப்போன ஆள் போல அது அப்படியே கீழே உட்கார்ந்தது.

ஆட்கள் ஓடி வந்து மண்ணைத் தள்ளி எடுத்தபோது ராமுத்தாய் உயிரோடு இல்லை.

அதே நேரத்தில் ஈஸ்வரபாண்டி குமுளிக்கு மேலே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். மலையைக் குடைந்து பாறைமேல் கட்டிய கடை. தூக்கிப்போட்டதுபோல் ஒரு அடி. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கையிலிருந்த டீயை அவன் கீழே வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்காரர், “பூமிகுலுக்கம்!” என்று மலையாளத்தில் கத்திவிட்டு, பிறகு தானே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு அவன் திரும்பி வரும்போது, எதிரே வந்த ஜீப்காரன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து அவன் கையைப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஈஸ்வரபாண்டிக்குப் புரிந்துவிட்டது.

ஈஸ்வரபாண்டியின் அக்காள் அன்னத்தாய் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீடு ஊருக்கு மேற்கே, கரட்டடியில். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அங்கே சாண் ஆழம் தோண்டினால் பாறை வந்துவிடும். அம்மாவை எடுத்துப் போன மறுநாள், துக்கத்துக்கு வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவள் முனீஸ்வரியைப் பார்த்துக் கேட்டாள்.

“எங்க வீட்ல டமார்னு ஒரு சத்தம், ஒரு உலுக்கு, அம்புட்டுத்தான். அடுப்புல இருந்த பாலு சிந்தல. அதுக்குள்ள நின்னு போச்சு. நின்ன பெறகு நீ உள்ள போயி எங்கம்மாவத் தூக்கியிருக்கலாம்ல?”

“நிக்கல மதினி. நின்னுருந்தா போயிருப்பேன்.”

“எது நிக்கல?”

“தரை.”

அன்னத்தாய் மற்ற பெண்களைப் பார்த்தாள். கரட்டடியில் குடியிருந்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அது ஒரே உலுக்கில் முடிந்துபோயிருந்தது. வயலுக்குள் வீடு கட்டியிருந்தவர்கள் அந்த ஊரில் முனீஸ்வரி வீட்டார் மட்டும்தான்.

ஈஸ்வரபாண்டி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“நெசமாவே நிக்கலையா, முனீசு?”

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவனும் மறுபடி கேட்கவில்லை. அவன் அந்த நேரத்தில் மலைமேல் நின்றிருந்தான். அவனுக்கும் அது அடித்தது. டீ சிந்துவதற்குள் நின்றது. தன் உடம்பு சொன்னதை நம்புவதா, பெண்டாட்டி சொல்வதை நம்புவதா என்று அவன் தவித்ததை அவள் பார்த்தாள்.

காரியம் முடிந்ததும் அவளுடைய அண்ணன் தவசி வந்து, “கொஞ்ச நாளு அங்கன இருக்கட்டும் மாப்ள” என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஆண்டிபட்டிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே போன பிறகுதான் அவளுக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பாள், தரை மெதுவாக நகரும். சட்டென்று சுவரைப் பிடிப்பாள். சுவர் கல்லாக நிற்கும். பேச்சியின் தலையைச் சீவிக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். “என்னத்தா?” என்று தவசி கேட்டால், “ஒண்ணுமில்லண்ணே” என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கோடாங்கியிடம் காட்டச் சொன்னார்கள். செத்த மாமியார் பிடித்திருக்கிறாள் என்பது அவர்கள் பேச்சு. தவசி அவர்களை விரட்டிவிட்டான்.

ஜனவரி முதல் வாரத்தில் இன்னொரு காலை. முனீஸ்வரி தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். குடத்துத் தண்ணீர்மேல் ஒரு சிலிர்ப்பு ஓடியது. காலடியில் லேசாக என்னவோ. அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண், “ஏத்தா, நெலம் ஆடுன மாதிரி இருந்துச்சுல்ல?” என்று சொல்லி முடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றுவிட்டது.

முனீஸ்வரி குடம் நிறைந்து வழிந்து ஓடுகிறவரை அசையவில்லை. இதுதான் நிலநடுக்கம். இவ்வளவு சின்னது. அப்படியென்றால் மதினி சொன்னது சரி. எல்லோரும் சொன்னது சரி. அன்றைக்கும் நின்றிருக்கிறது. நின்ற பிறகும் தான்தான் பயந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவள் அன்று சோறு தொடவில்லை.

அதே காலையில் ஈஸ்வரபாண்டி வயல் வீட்டில் இருந்தான். வண்டிக்குப் போகாமல், சரிந்து விழுந்ததில் தேறுகிற ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். தொழுவத்துக் கூரை சரிந்துவிட்டதால் கன்றுக்குட்டியை முன்வீட்டுக்குள் கட்டியிருந்தான். அந்தச் சத்தம் அடியிலிருந்து வந்தது. தரை நகர்ந்தது. யோசிக்காமல் ஓடி மோட்டார் ரூம் சுவரைப் பிடித்தான்.

இப்போது நின்றுவிடும் என்று காத்திருந்தான். மலையில் இந்நேரம் நின்றிருக்கும். இங்கே நிற்கவில்லை. ஒரு ஆட்டம் தணிவதுபோல் இருந்து, அடுத்தது வந்தது. தென்னைகள் ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டின. வீட்டுக்குள் கன்று கத்தியது. அவிழ்த்துவிட வேண்டும் என்று நினைத்தான். நினைக்கத்தான் முடிந்தது. கால் போகவில்லை. ஒரு கன்றுக்குட்டிக்காக இல்லை, அந்த நேரத்தில் யார் கத்தியிருந்தாலும் தன் கால் போயிருக்காது என்பது அவனுக்குத் தெரிந்தது. வீடு நின்றது. கன்றும் பிழைத்தது. எல்லாம் அடங்கிய பிறகும் அவன் சுவரை விடாமல் வாய்விட்டு அழுதான்.

அன்று மத்தியானமே பஸ் ஏறி ஆண்டிபட்டி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

“நிக்கல முனீசு. நான் பாத்துட்டேன். நீ சொன்னதுதான் நெசம். அது நிக்கவே மாட்டேங்குது.”

அவள் அவனை வெறித்துப் பார்த்தாள்.

“இல்லங்க. நின்னுருச்சு. காலையில நானும் பாத்தேன்ல. கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள நின்னு போகுது. நான்தான் போகல. அத்தய நான்தான் விட்டுட்டேன்.”

“ஏய், நான் சொல்றேன்ல, அங்கன...”

“எனக்காகச் சொல்லாதீக.”

அவன் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. ஒரு மாதமாக அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. இப்போது அவன் சொல்வதை அவள் நம்பவில்லை. தவசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் அவளாகவே துணிகளை எடுத்து வைத்தாள். “நான் வர்றேன். ஆனா அந்த வீட்டுக்குள்ள படுக்க மாட்டேன்” என்றாள். ஊருக்குள் ஒரு வாடகை அறை பார்த்துக் குடி வைத்தான்.

மாசி மாதத்தில் மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து சுயம்புலிங்கம் என்ற நிலவியல் ஆசிரியர் வந்தார். குஜராத்தில் நடந்ததை டிவியில் பார்த்துவிட்டு எல்லோரும் நிலநடுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம். அவர் ஊர் ஊராகப் போய், எந்த இடத்தில் எப்படி ஆடியது, எவ்வளவு நேரம் ஆடியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆட்களுக்குத் தெரியாத சின்னச் சின்ன அதிர்வுகள் இன்னும் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி, அன்னத்தாய் வீட்டு முன்னால் பாறையில் ஒரு கருவியும், வயலில் மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு கருவியும் வைத்தார். சில நாள் கழித்து அவற்றை எடுக்க வந்தபோது, ஈஸ்வரபாண்டி மனைவியையும் அக்காளையும் கூட்டிக்கொண்டு வயலுக்கு வந்தான்.

“ஒரே அதிர்வுதான் ரெண்டு பெட்டியிலும் பதிவாகியிருக்கு,” என்றார் சுயம்புலிங்கம். “கரட்டுல வந்ததும் தெரியல, போனதும் தெரியல. இங்க பல மடங்கு நேரம் நீளுது.”

“கூப்பிடு தூரந்தான சார்?” என்றான் ஈஸ்வரபாண்டி.

“மேலதான் பக்கம். அடியில வேற வேற. அங்க பாறை. அலை வந்தா ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிடும். மலையில உங்களுக்கும் அப்படித்தான். நீங்க நடுக்கம் வந்த இடத்துக்கு இன்னும் பக்கத்துல இருந்தீங்க, ஆனா சீக்கிரம் முடிஞ்சிருச்சு. இந்தப் பள்ளத்தாக்கு ஒரு தொட்டி மாதிரி. ஆறு கொண்டு வந்து போட்ட மண்ணு ஆழமா நெறஞ்சிருக்கு. அதுலயும் மழைத் தண்ணி ஊறியிருக்கு. உள்ள வந்த அலை சுலபத்துல வெளிய போகாது. அடிப்பாறையில முட்டும், ஓரத்துல முட்டும், திரும்பும். அதனால ஆட்டமும் பெருசாகும், நேரமும் கூடும். ஆண்டிபட்டி தூரமும் அதிகம், தரையும் கெட்டி. அங்க லேசாத் தெரிஞ்சதுல ஆச்சரியமே இல்ல.” பின்சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். “நனைஞ்ச மண்சுவர் ஒரு உலுக்கைத் தாங்கியிருக்கலாம். விடாம ஆட்டினதுலதான்...” என்று தொடங்கியவர், அன்னத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

முனீஸ்வரி முதல்முறையாக வாயைத் திறந்தாள். “அன்னைக்கு எம்புட்டு நேரம் சார் ஆடுச்சு?”

“அது தெரியாதும்மா. அன்னைக்கு இங்க கருவி இல்லையே.” கொஞ்சம் யோசித்தார். “நீங்க அன்னைக்கு என்ன செஞ்சீங்களோ, அதை அப்படியே இப்ப செஞ்சு காட்ட முடியுமா? ஓரளவு சொல்லலாம். முடியலேன்னா வேண்டாம்.”

அவள் தொழுவத்துக்குப் போனாள். கூரை சரிந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எழுந்து பேச்சியை வாரி எடுத்தாள். பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக் கிலுகிலுவென்று சிரித்தது. படப்பைத் தாண்டி ஓடினாள். திரும்பினாள். பின்னறைப் பக்கம் நாலு எட்டு வைத்தவள், இல்லாத ஓடுகள் விழுவதைப் பார்த்துப் பின்வாங்கினாள். மறுபடி ஓடி மோட்டார் ரூம் சுவரில் கையை ஊன்றினாள்.

“அத்த!” என்று கத்தினாள். “அத்த! அத்த!”

அந்தக் குரலைக் கேட்டுப் பேச்சியின் சிரிப்பு நின்றது. அன்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அத்த என்னமோ சொன்னாக,” என்றாள் முனீஸ்வரி. இதுவரை இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“என்ன சொன்னாக?” என்றான் ஈஸ்வரபாண்டி.

“தூக்குன்னாக. ஓட்டுச் சத்தத்துல அது மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. பிள்ளையத் தூக்குன்னாகளோ, என்னயத் தூக்குன்னாகளோ...”

“அப்புறம்?” என்று மெதுவாகக் கேட்டார் சுயம்புலிங்கம்.

“அப்புறம் இங்கனயே நின்னேன்.”

“அப்பவும் தரை ஆடிக்கிட்டு இருந்துச்சா?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். சுவரில் ஊன்றிய கையையே பார்த்தாள். ஆண்டிபட்டிக் குடத்துத் தண்ணீரும் இந்தச் சுவரும் அவளுக்குள் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன.

“தெரியல சார். எனக்குத் தெரியல.”

சுயம்புலிங்கம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். ஈஸ்வரபாண்டி முன்னால் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, “போதும் சார்” என்றான்.

கிளம்பும்போது ஆசிரியர் அன்னத்தாயிடம் மட்டும் ஒன்று சொன்னார். “அம்மா, உங்க வீட்டுல நின்ன பிறகும் இங்க ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். அதுல எனக்குச் சந்தேகமில்ல. எவ்வளவு நேரம்னுதான் என்னால சொல்ல முடியல.” அன்னத்தாய் கரட்டுப் பக்கம் நடந்தாள்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அன்னத்தாய் தீச்சட்டி எடுத்தாள். கூட்டத்தில் முனீஸ்வரியும் நின்றாள். நேர்த்திக்கடன் முடிந்து, ஆற்றில் கால் நனைத்துவிட்டு ஈரச் சேலையோடு அன்னத்தாய் அவளிடம் வந்தாள். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“எங்க வீட்டுக்குப் பக்கத்துல அம்மா பேர்ல கல்லாங்காடு கொஞ்சம் கெடக்கு. வெள்ளாமைக்கு ஆகாது. வீடு கட்ட ஆகும். பிள்ளையக் கூட்டிக்கிட்டு மேல வந்துருங்க.”

கட்டினார்கள். கடைக்கால் தோண்ட ஆள் வந்தபோது கடப்பாரை பாறையில் பட்டுத் தீப்பொறி பறந்தது. இரண்டு அறை, மேலே தளம். பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வாழை வைத்தார்கள். அன்னத்தாய் தினமும் வந்து போனாள். டிசம்பரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனாலும் முனீஸ்வரிக்கு அது விடவில்லை. புது வீட்டின் அசையாத தரையில் படுத்தால் தூக்கம் வராது. களை எடுக்கும்போது வயலில் சட்டென்று நிறுத்தி, உள்ளங்கையைச் சேற்றில் அழுத்தி வைத்துக்கொள்வாள். கூட வேலை செய்கிற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் கையை நிறுத்திவிட்டு, அவள் எடுக்கிறவரை காத்திருந்தார்கள். ஈஸ்வரபாண்டி எப்போதாவது வயலுக்கு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தானும் கையை வைப்பான். “ஒண்ணுமில்ல முனீசு” என்பான். அவள் எழுந்துகொள்வாள். அது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உதவியது.

2010-ல் வாழைத்தோட்டத்தை ஒட்டிய வயல் வீட்டுமனையாகி, ஒரு புது வீடு எழும்பியது. கம்பத்திலிருந்து குடிவந்தவர்கள். நல்ல வீடு, கம்பி போட்டுக் கட்டியது. கட்டும்போதே ஈஸ்வரபாண்டி வலியப் போய், அடியில் வண்டல் மண் என்று கொத்தனாரிடம் சொல்லி, கான்கிரீட் பெல்ட் போடச் சொல்லியிருந்தான். அவர்களும் போட்டிருந்தார்கள். அந்த வீட்டு இளம்பெண், கைப்பிள்ளைக்காரி, முனீஸ்வரியை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அவளுடைய மாமனார் நடக்க முடியாதவர். கட்டில் ஜன்னல் ஓரம் இருந்தது.

ஒரு சாயங்காலம் புல்லுக்கட்டை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு முனீஸ்வரி அவளைக் கூப்பிட்டாள்.

“ஏத்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. இங்கன எப்பவாச்சும் தரை ஆடுச்சுன்னா, பிள்ளையத் தூக்கிட்டு இந்த வெட்டவெளிக்கு வந்துரு. நின்னுருச்சுன்னு நெனச்சு உடனே உள்ள போகாத. இங்கன லேசுல நிக்காது.”

அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவளைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க மாமா உள்ள இருப்பாகளேக்கா. அவுகள என்ன செய்ய?”

முனீஸ்வரி வரப்பைத் தாண்டி ஜன்னல்வரை போய்க் கட்டிலைப் பார்த்தாள். பிறகு, “கட்டில முன்வாசப் பக்கம் மாத்திப் போடுத்தா,” என்றாள். “இன்னைக்கே மாத்து. வா, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”